கத்தி பிடிக்காத கை

கொடைக்கானலில் முகச்சவரம் செய்துகொள்ள உகந்த நேரம் மத்தியானம் பன்னிரண்டு மணி. பிளேடு ரேசர் வைத்திருப்பவர்கள் காலை ஆறு மணிக்கே செய்துகொள்ளலாம், ஒன்றும் ஆகாது. நான் சொல்வது சவரக்கத்தியைப் பற்றி. கைப்பிடிக்குள் மடங்குமே, அந்தக் காலத்து நாவிதர்கள் தோல்வாரில் தீட்டித் தீட்டிச் சிரைத்தார்களே, அந்தக் கத்தி.

காரணம் குளிர். ஊர் கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டர் மேலே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி காலைகளில் எட்டு டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். சில நாள் புல்வெளியில் உறைபனியே வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்தக் குளிரில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்றால் உடம்பெல்லாம் புல்லரிக்கும். முகமும் விதிவிலக்கில்லை. ரோமக்கால் ஒவ்வொன்றும் சின்ன மேடாக எழும்பி நிற்கும். ரோமத்தை எடுக்கப் போன கத்தி அந்த மேட்டின் தலையையும் சேர்த்துச் சீவிவிட்டு வரும். வெந்நீரில் முக்கிய துண்டை ஒற்றினால் மேடு அடங்கிவிடும். ஆனால் வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது கன்னத்துக்கு வருவதற்குள் நுரை ஆறி, மறுபடி புல்லரித்துவிடும். என் வலது கன்னத்தைவிட இடது கன்னத்தில் தழும்பு அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிடக் கேவலமானது, பிறகு சொல்கிறேன்.

இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. கொஞ்ச நாள் நான் சவரத்துக்கும் அதையே சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா, கன்னத்துக்கு வேண்டியது நாற்பத்தஞ்சு டிகிரிதான். அதுக்கு மலை என்ன, சமவெளி என்ன?" என்று பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டாள். பிறகு அந்தச் சாக்கையும் கைவிட்டேன்.

கத்தி வாங்கியதற்கு நான் ஊருக்குச் சொன்ன காரணம் சுற்றுச்சூழல். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போட்ட சமயம் அது. சோதனைச் சாவடியில் பாட்டிலுக்காகச் சுற்றுலாக்காரர்களை நிறுத்துகிறார்கள், நாமோ மாதாமாதம் பிளாஸ்டிக் ரேசரைக் குப்பையில் போடுகிறோம், இந்த மலைக்கு நாம் செய்யும் துரோகம் இது என்றெல்லாம் அலுவலகத்தில் பேசினேன். நாலு பேர் கேட்கவும் செய்தார்கள். உண்மைக் காரணம் வேறு. செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சவரம் செய்யும் வீடியோவைப் பார்த்துவிட்டேன். அவர் கழுத்தின் மேல் கத்தி போகும்போது, காய்ந்த வெங்காயச் சருகை உரிப்பதுபோல ஒரு சன்னமான சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். மலைக்காக ஒன்றும் இல்லை. அடுத்த மூன்று மாதத்தில் நான் குப்பையில் போட்ட பஞ்சு, பிளாஸ்டர், பிளாஸ்டர் உறை எல்லாவற்றையும் கூட்டினால் பழைய ரேசர்களே தேவலை.

கத்தி கைக்கு வந்த அன்று முதல் பலி நான் இல்லை, தோல்வார். சவரக்கத்தியை ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோலில் தீட்டவேண்டும். சாணைக்கல் கத்திக்குக் கூரைக் கொடுக்கும். தோல் அந்தக் கூர் விளிம்பை நேராக்கும். சவரம் செய்யச் செய்ய விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்துவிடும். ரோமம் எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அது எப்படி எஃகை மழுங்கடிக்கிறது என்று அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, 2020-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ரோமம் வளைந்துகொண்டு ஒரு கோணத்தில் விளிம்பைத் தள்ளும்போது, எஃகில் எங்கே சீர்மை குறைவோ அங்கே சில்லு தெறிக்கிறதாம். படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல். என் தாடி எஃகையே தெறிக்க வைக்கிறது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அது எல்லார் தாடியும்தாங்க செய்யும்" என்றாள் மனைவி.

தோலில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போகவேண்டும், கூர் பின்னால் வரவேண்டும். கடைசியில் திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்டவேண்டும். கூரின் மேல் புரட்டினால் தோல் கிழியும். இது எனக்குத் தெரியும், வீடியோவில் பார்த்திருக்கிறேன். தெரிந்தே முதல் நாள் மூன்றாவது இழுப்பில் கூரின் மேல் புரட்டினேன். புத்தம்புது தோலில் சாய்வாக ஒரு வாய் திறந்துகொண்டது. காரணம் வேகம். வீடியோக்காரர் சடசடவென்று தீட்டினார், நானும் சடசடவென்று தீட்டினேன். அந்த வேகத்துக்கும் கூருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மெதுவாகத் தீட்டினாலும் அதே கூர்தான் வரும் என்பது தோலை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

அடுத்தது துரு. நல்ல சவரக்கத்தி பெரும்பாலும் கார்பன் எஃகு. ஈரம் பட்டால் ஒரே இரவில் புள்ளி விழும். இந்த ஊரில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை மேகம் ஜன்னல் வழியாகக் குளியலறைக்குள் வந்து போகும். கத்தியைத் துடைத்து வைத்தாலும் காற்றே ஈரம். எண்ணெய் பூசி வையுங்கள் என்றார்கள். தேங்காய் எண்ணெயை எடுத்தால் அது பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கிறது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். கொடைக்கானலில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதற்கு உருக மனம் வருவதில்லை. அதை உருக்க அடுப்படிக்குப் போவானேன் என்று, கைக்கு எட்டிய யூகலிப்டஸ் தைலத்தை நாலு சொட்டு விட்டுத் தேய்த்து வைத்தேன். எங்கள் ஊரில் எந்தக் கடையில் நுழைந்தாலும் கிடைப்பது ஹோம்மேட் சாக்லேட்டும் அந்தத் தைலமும்தான். மறுநாள் காலை கத்தியைக் கழுவ மறந்துவிட்டு முகத்தில் வைத்தேன். வெட்டு ஒன்றும் பெரிதில்லை. தைலம் வெட்டுக்குள் இறங்கியதுதான் விஷயம். இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. கையில் திறந்த கத்தி. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பால்காரருக்குச் சில்லறை கேட்டு வந்த மகள், கதவைத் தட்டாமலே திரும்பிப் போய்விட்டாள்.

ரத்தம் நிற்க எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். மனைவி பெரியகுளத்துக்காரி, மஞ்சள் கட்சி. மாமியார் காபித்தூள் கட்சி. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் காபித் தோட்டம். வெட்டுக்காயம் பட்டால் காபித்தூளை வைத்து அமுக்குவது அங்கே பழைய பழக்கம். "வச்சு அமுக்குங்க மாப்ள, நின்னுரும்" என்பார். நின்றுவிடும், மறுக்கவில்லை. ஆனால் மோவாயில் காபித்தூளும் கன்னத்தில் மஞ்சளுமாக ஒருவர் பஸ்ஸில் ஏறினால், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து இடம் விடுவார். விட்டார்.

இத்தனைக்கும் உலகம் இந்தத் தொல்லையைத் தீர்த்து நூற்றிருபது வருஷம் ஆகிறது. கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் மாற்றிக்கொள்ளும் பிளேடு போட்ட ரேசரை 1903-ல் விற்பனைக்கு விட்டார். முதல் வருஷம் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. 1904-ல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவமே தன் சிப்பாய்களுக்கு அந்த ரேசரைக் கொடுத்ததும், ஊர் திரும்பியவர்கள் பழைய கத்தியை மறந்தார்கள். அதுவரை எல்லா முகமும் கத்திக்குத்தான் கன்னம் காட்டியாக வேண்டும். கொடைக்கானலுக்கு வந்த துரைமார்களும் அப்படித்தான். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே வீடு கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஏரியை உண்டாக்கினார். 1914-ல் மலைப்பாதை போக்குவரத்துக்குத் திறக்கும்வரை அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, ஆள் தூக்கும் நாற்காலியிலோதான் ஏறி வந்தார்கள். அவர்கள் பெட்டியிலும் இந்தக் கத்திதான் இருந்திருக்கும். ஆனால் நிறையப் பேர் அதைக் கையால் தொட்டிருக்கமாட்டார்கள். தூங்குகிற துரையை எழுப்பாமலே விடியற்காலையில் சவரம் செய்து முடித்துவிட்டுப் போகும் நாவிதர், வெள்ளைக்காரர்களின் இந்திய நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறார். துரை கண் விழிக்கும்போது முகம் வழவழவென்று இருக்குமாம். நான் விழித்துக்கொண்டு, வெளிச்சம் போட்டு, கண்ணாடி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தும் வராத காரியம் அது.

எங்கள் பக்கத்து சலூன் அண்ணனிடம் போய் நின்றேன். அவருடைய அப்பா அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவர். கத்தி, கிண்ணி, கல், தோல் எல்லாம் அந்தப் பைக்குள். அண்ணன் கையில் இப்போது இருப்பது அரை பிளேடு மாட்டுகிற கத்தி. பிளேடை உறையோடு மடக்கி 'டிக்' என்று இரண்டாக்கி, ஒரு பாதியைச் செருகி, வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம். எய்ட்ஸ் பயம் ஊரெல்லாம் பரவிய பிறகு தமிழ்நாட்டு சலூன்களில் தீட்டுகிற கத்தி அநேகமாக மறைந்துபோனது. மறைந்தது நல்லதற்குத்தான். ஒரே கத்தியைப் பத்து முகத்தில் வைத்த காலம் திரும்பி வரவேண்டாம்.

அண்ணன் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கடையில சார் செஞ்சீங்க?"

"நானே செஞ்சேன்ணே."

"அதானே பார்த்தேன். தொழில் பண்றவன் இப்படிச் செஞ்சிருந்தா கடையை மூடியிருப்பாங்க."

கோணம் சரியில்லை என்றார். கத்தி தோலோடு முப்பது டிகிரி போலச் சாய்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் நிமிர்ந்தால் சுரண்டும், ரொம்பப் படுத்தால் ரோமத்தைப் பிடித்து இழுக்கும். பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் அறுக்கும். அழுத்தவே கூடாது. எல்லாம் ஏற்கெனவே படித்ததுதான். "இடது கன்னத்துக்கு இடது கையில பிடிக்கணும்னு வீடியோல சொல்றாங்களேண்ணே" என்றேன். முன்னே சொன்ன கேவலமான காரணம் இதுதான். அந்தப் பேச்சைக் கேட்டு இடது கையில் கத்தியைப் பிடித்து, கண்ணாடியில் வலது எது இடது எது என்று குழம்பி, காது மடலின் அடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன். காதில் ரத்தம் நிற்பதற்கு எந்தக் கட்சியிடமும் வைத்தியம் இல்லை.

அண்ணன் சிரித்தார். "நாங்க கை மாத்துறதே இல்ல சார். ஆளைச் சுத்தி வந்துருவோம்."

அதுதான் என் பிரச்சினையே. அவர் நாற்காலியைச் சுற்றி வரலாம். நான் என்னைச் சுற்றி வரமுடியாது.

இந்த நிலையில் தங்கை போன் செய்தாள். பையனுக்கு ஒரு வயது ஆகப்போகிறது, பழனியில் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம், தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்கவேண்டும், சீரோடு வந்து சேர் என்றாள். "மூஞ்சியை மட்டும் ஒழுங்கா வச்சிக்கிட்டு வாண்ணே, போட்டோ எடுப்பாங்க" என்று கடைசியில் ஒரு வார்த்தை. செய்தி பரவியிருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து பழனி சுமார் 65 கிலோமீட்டர். பெருமாள்மலையில் பிரிகிற மலைப்பாதை. வளைந்து வளைந்து இறங்க இறங்க ஸ்வெட்டர் கழன்று, காது அடைத்துத் திறந்து, கடைசியில் வெயில் வந்து அறையும். குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நின்று பார்த்தால், மேகம் இல்லாத நாளில் இந்தப் பழனி மலை கீழே தெரியும். அங்கேயிருந்து அடிக்கடி பார்த்துக் கும்பிட்டிருக்கிறேனே தவிர, சவரம் கற்றுக்கொள்ளப் போகவேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியதில்லை. வருஷம் முழுக்கக் கத்தி ஓயாத ஊர் தமிழ்நாட்டில் அதைப்போல அதிகம் இல்லை. தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் ராத்திரி பகல் கிடையாது. பாதயாத்திரை வந்தவர்கள், காவடி எடுத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பரீட்சை தேறியவர்கள் எல்லாரும் அந்த வரிசையில்தான்.

முடி காணிக்கை மண்டபத்துக்குள் நுழைந்தால் ஈரத் தரையும் சந்தன வாசனையும் குழந்தைகளின் அழுகையும். நான் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். மருமகனை மடியில் வைத்து, அவன் கை இரண்டையும் பிடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்தவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். புது பிளேடைக் கண்ணெதிரே பிரித்து மாட்டினார். கிண்ணத்துத் தண்ணீரைக் குழந்தையின் தலையில் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்தார். சோப்பும் இல்லை, நுரையும் இல்லை. வெறும் தண்ணீரை உள்ளங்கையால் முடிக்குள் ஏற்றிக்கொண்டே இருந்தார். நான் முகத்தில் வாசனை நுரையைக் குழைத்து அடித்து உடனே கத்தியை வைப்பவன். முடி நீரைக் குடித்து இளக இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். நுரையின் வேலை அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பதும் வழுக்குவதும்தான். இளகவைப்பது தண்ணீர். வெயிலில் காய்ந்த தலையையும் அவர் தண்ணீராலேயே பதப்படுத்தினார்.

என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். "என்ன சாமி, மூஞ்சியில? பூனை கீறிருச்சா?"

மாப்பிள்ளை குனிந்து, "எங்க மச்சான் கத்தி பழகுறாருங்க" என்றார். மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்கிற குரலில்.

அவர் சிரிக்கவில்லை. "என்ன கத்தி? பழைய தீட்டுக் கத்தியா?" என்று கேட்டுவிட்டு உச்சியில் வைத்தார். குழந்தை ஒரு அலறல் அலறித் தலையைப் பக்கவாட்டில் உதறியது. என் அடிவயிறு கலங்கிவிட்டது. ஒரு கீறல் இல்லை. அப்போதுதான் கையைப் பார்த்தேன். எல்லாரும் கத்தியிருக்கிற கையைத்தான் பார்ப்போம். நானும் அவ்வளவு நாளாக வீடியோவில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியம் இன்னொரு கையில் இருந்தது. இடது உள்ளங்கை குழந்தையின் பின்மண்டையைத் தாங்கியிருந்தது. கட்டைவிரல் கத்திக்கு ஒரு விரற்கடை பின்னால் தோலைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்திருந்தது. கத்தி போகப் போக விரலும் கூடவே போனது. தலை எந்தப் பக்கம் உதறினாலும் அந்தக் கையும் தலையோடு போனது. தலை அசையப்போவது அதற்கு முன்கூட்டியே தெரிந்ததுபோல, கத்தி ஒரு நூல் மேலே எழும்பிக் காத்திருந்து மறுபடி இறங்கியது. காதுக்குப் பின்னால் வந்தபோது மடலை ஆள்காட்டி விரலால் மடக்கிவிட்டு, நடுவிரலால் தோலை இழுத்தார். உச்சிக்குழி பக்கத்தில் கத்தியின் எடைகூடத் தலையில் இறங்கியிருக்காது. வலது கை குட்டை குட்டையாக இழுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். யோசித்ததெல்லாம் இடது கை.

பாதித் தலை ஆகியிருக்கும், அவராகவே சொன்னார். "கத்தியைப் பிடிக்கிறது பெரிசில்ல சாமி. தலையைப் பிடிக்கணும். தோலு சுருங்கியிருந்தா எந்தக் கத்தியும் வெட்டும்."

நான் அதுவரை என் இடது கையால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயத்தில்.

தலை முடிந்ததும் குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டுத் தன் தலையைத் தானே தடவிப் பார்த்தது. குளிப்பாட்டிச் சந்தனம் குழைத்துப் பூசினார்கள். அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க எனக்கு மனமில்லை. பக்கத்தில் தள்ளி நின்று அடுத்தடுத்த தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமனும் மொட்டை போட்டுக்கப் போறாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை 2021-ல் தமிழக அரசு ரத்து செய்தது. அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். 5,000 ரூபாய்! சவரக்கத்தி, சாணைக்கல், தோல்வார், பிரஷ் என்று என் விளையாட்டுக்கு நான் கொட்டியதே அதற்குப் பக்கத்தில் வரும். தவிர, எனக்கு இது பொழுதுபோக்கு, கத்தியை அலமாரியில் காட்சிக்கு வைத்துப் பெருமை பேசலாம். அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் இதே கத்திக்காகத்தான் ஊர் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்து, அறுவடைக்கு அறுவடை நெல் அளந்தது. கட்டி கீறுவதும் வைத்தியம் பார்ப்பதும் அவர்கள் வீட்டு ஆண்கள், பிரசவம் பார்ப்பது பெண்கள். ஊர் பிழைத்தது அவர்கள் கையில், மரியாதை மட்டும் கிடையாது. 2021-ல் வந்த 'மண்டேலா' படத்தில் யோகிபாபு அந்த வாழ்க்கையைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கத்தியைக் கையில் பிடித்தபிறகு அத்தனை சிரிப்பு வருவதில்லை.

ஊர் திரும்பியதும் இடது கைக்கு வேலை கொடுத்தேன். அது அவ்வளவு சுலபமாக ஒத்துழைக்கவில்லை. நுரை பட்ட கன்னத்தில் விரல் வழுக்கியது. தோலை இழுத்துப் பிடித்தால் பாதியில் நழுவி, இழுபட்ட தோல் கத்திக்கடியில் சுருங்கியது. அந்த வாரம் வழக்கத்தைவிட அதிகம் ரத்தம். மறுபடி சலூன் அண்ணனிடம்தான் போனேன். "விரல் நுனியில படிகாரத்தைத் தேய்ச்சுக்கங்க சார், பிடி கிடைக்கும்" என்றார், போகிறபோக்கில். படிகாரம் ரத்தத்தை நிறுத்தத்தான் என்று நான் நினைத்திருந்தேன். நாட்டு மருந்துக் கடையில் கட்டியாக வாங்கி, ஈரத்தில் தொட்டு விரலில் தேய்த்தால் விரல் தோலில் ஒட்டிக்கொள்கிறது. நழுவவே இல்லை. வெட்டிய பிறகு வைக்கும் மருந்தை வெட்டுவதற்கு முன்னாலேயே எடுத்தால் வெட்டே விழாது என்பதை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. அல்லது பார்த்தபோது கத்தியிருக்கிற கையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

இப்போது நிலவரம் இது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கத்தி. வெயில் குளியலறை ஜன்னலுக்கு வரும் நேரம். ஒரு வாளி வெந்நீர், துண்டு, மூன்று நிமிடம் ஒத்தடம். அதைக் குறைத்தால் கண்டிப்பாக ஒரு கீறல் உண்டு. ஒரு கன்னத்துக்கு மட்டும் நுரை போட்டு, அதை முடித்துவிட்டு மறுபடி ஒத்தடம் கொடுத்து அடுத்த கன்னம். ரோமம் சாய்ந்திருக்கும் திசையிலேயே இறக்குகிறேன். எதிர்த் திசையில் ஏற்றுவதை வெள்ளைக்காரருக்கே விட்டுவிட்டேன். வலது கன்னம் சுத்தம். இடது கன்னத்துக்குத் தலைக்கு மேலே கையைச் சுற்றிக் கொண்டுவந்து காது மடலை மடக்குகிறேன். மகள் அதைப் பார்த்துவிட்டு ஏதோ யோகாசனத்தின் பெயரைச் சொன்னாள். வெங்காயச் சருகுச் சத்தம் எப்போதாவது வருகிறது. வரும்போது ரொம்ப சந்தோஷப்பட்டு அடுத்த இழுப்பை வேகமாக இழுத்துக் கெடுத்துக்கொள்கிறேன்.

மோவாய் மட்டும் இன்னும் வசப்படவில்லை. எனக்கு மோவாயில் ஒரு குழி உண்டு. கல்யாணத்தின்போது அதை அழகு என்று சொன்னார்கள். கத்திக்கு அது பள்ளம். தோலை எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தக் குழி நிரவாது. கீழுதட்டை உள்ளே மடித்து, நாக்கால் உள்ளிருந்து தள்ளி, இரண்டு விரலால் இழுத்து, என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. கடைசியாக அதே இடத்தில் மூன்றாம் முறை வெட்டிக்கொண்ட அன்று, மோவாயையும் மேலுதட்டையும் பிளேடு ரேசரிடம் ஒப்படைத்துவிட்டேன். கல்யாணம் காட்சி என்றால் முழு முகத்தையும் அண்ணன் கடையில் கொடுத்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை.

அவர் அந்தக் குழியை ஒரே விரலால் நிரவி, ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறார். எப்படி என்று கேட்டால், "அது அப்படித்தான் சார்" என்கிறார். ஒரு சவரத்துக்கு அவர் வாங்குகிற காசு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிளேட் பரோட்டாவுக்குக் கொடுப்பதைவிட அதிகமில்லை. அது குறைவு. இருமடங்கு கேட்டாலும் கொடுக்கலாம்.